கால் நர்ஸை எந்தக் கப்பலில் ஏற்றுவது? – துவாலு நாட்குறிப்பு

செப்டம்பர் 11, 2025, வியாழன்: நாந்தி – சுவா

சென்னையிலிருந்து ஃபிஜி வந்து சேர்ந்த கதையை விட்டுவிடுகிறேன். கால் வீங்கியது, அவ்வளவுதான். இறங்கின ஊரின் பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்து ஒரு வாரமாக ‘நாடி’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். டாக்ஸிக்காரர் சிரிக்காமல் ‘நாந்தி’ என்று திருத்தினார்.

வந்த வேலை இது. துவாலு என்ற தீவு நாட்டில், சுகாதாரத் துறையின் ஆள்கணக்கைப் பார்க்கிறவர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி கொடுக்க வேண்டும். அடுத்த பத்து வருஷத்துக்கு எந்தத் தீவில் எத்தனை நர்ஸ், யாரை எங்கே படிக்க அனுப்புவது, யார் ஓய்வு பெற்றால் அந்த இடத்தில் யார் என்று திட்டம் போடும் பயிற்சி. நான் நாகப்பட்டினத்துக்காரி. தமிழ்நாட்டு சுகாதாரத் துறையில் 32 வருஷம் குப்பை கொட்டினேன். அதில் கடைசிப் பத்து வருஷம் பணியிடக் கணக்கு மட்டும்தான். அனுமதிக்கப்பட்டது, நிரப்பப்பட்டது, காலி என்கிற மூன்று கட்டங்களைத் தூக்கத்தில் கேட்டாலும் கூட்டிச் சொல்வேன். எட்டாயிரத்துக்கு மேல் துணை சுகாதார நிலையங்கள் உள்ள மாநிலத்திலிருந்து, மொத்த ஜனமே பத்தாயிரம் சொச்சம் உள்ள நாட்டுக்குப் போகிறேன். எங்கள் பக்கம் ஒரு பேரூராட்சிக்கே அவ்வளவு பேர் இருப்பார்கள். ஊதித் தள்ளிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பு செவ்வாய்க்கிழமை வரை நீடித்தது.

கூட வருகிற பயிற்சியாளர் ஃபிஜிக்காரர். தலைநகர் சுவாவில் பல வருஷம் நர்ஸிங் சொல்லிக்கொடுத்தவர். கொள்ளுத்தாத்தா சென்னையில் கப்பலேறி கரும்புத் தோட்டத்துக்கு வந்தவராம். சென்னையிலிருந்து கூலிக் கப்பல்கள் இங்கே வரத் தொடங்கியது 1903-இல். அவருக்குத் தெரிந்த தமிழ் அக்கா, சோறு, ரசம், முருகா. “போதும் இல்லையா அக்கா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். தாராளமாகப் போதும்.

ஸ்ரீ சிவ சுப்பிரமணிய சுவாமி கோயிலுக்குக் கூட்டிப்போனார். கோபுரத்தில் அடித்திருக்கும் வண்ணம் வெயிலில் கண்ணைக் கூசுகிறது. பிறகு பஸ் நிலையத்தில் ரொட்டி பார்சல், உள்ளே உருளைக்கிழங்கும் அவரையும். மூன்று ஃபிஜி டாலருக்கு வயிறு நிறைந்தது. இந்தப் பயணத்தில் விலை கேட்டு நான் சிரித்த கடைசி இடம் அது.

சுவா போகும் வழியில் யனுகா என்கிற சின்னத் தீவைக் காட்டினார். 1995-இல் பசிபிக் நாடுகளின் சுகாதார அமைச்சர்கள் கூடி ‘ஆரோக்கியத் தீவுகள்’ என்ற கொள்கையை எழுதியது இங்கேதான். அங்கே இருப்பது சொகுசு விடுதி. “நல்ல கொள்கை அக்கா. எழுதின இடமும் நல்ல இடம்” என்றார்.

செப்டம்பர் 12, வெள்ளி: சுவா

காலையிலிருந்து மழை. சுவாவில் குடையில்லாமல் நடப்பவர்கள் வெளியூர்க்காரர்கள் மட்டும்தான் என்று தெரிந்துகொள்ள நனைய வேண்டியிருந்தது.

மருத்துவக் கல்லூரிப் பக்கம் போனோம். இப்போது அது ஃபிஜி தேசியப் பல்கலைக்கழகத்தின் பகுதி. தொடங்கியது 1885-இல். ஏன் தொடங்கினார்கள் என்பதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1875-இல் தட்டம்மை வந்து இந்தத் தீவுக் கூட்டத்தில் ஆயிரமாயிரமாக ஆட்களை அள்ளிக்கொண்டு போனது. நாலு வருஷம் கழித்து, 1879-இல், கல்கத்தாவிலிருந்து முதல் கூலிக் கப்பல் ‘லியோனிடாஸ்’ வந்தது, உள்ளே காலராவும் பெரியம்மையும். அதில் வந்தவர்களை ஒரு குட்டித் தீவில் இறக்கி ஒதுக்கிவைத்தார்கள். அதன் பெயர் யனுகா லைலை, அதாவது சின்ன யனுகா. நேற்று பார்த்தது வேறு. கரையேறாமல் நோய் நின்றது. ஆனால் அடுத்த கப்பலுக்கு என்ன செய்வது என்ற பயம் நிற்கவில்லை. உள்ளூர் இளைஞர்களுக்கு அம்மை குத்தவும் அடிப்படை வைத்தியம் பார்க்கவும் கற்றுத்தரலாம் என்று ஆரம்பித்த பள்ளிதான் இன்று பசிபிக் முழுவதற்கும் டாக்டர்களை அனுப்புகிறது.

இதைச் சொல்லிவிட்டு சக பயிற்சியாளர் இன்னொன்றும் சேர்த்தார். தென்னிந்தியர்கள் 1926-இல் தொடங்கிய ‘தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம்’ வடக்கே லம்பாசாவில் ஒரு நர்ஸிங் கல்லூரி நடத்துகிறது. அம்மைக் கப்பலில் ஆரம்பித்து நர்ஸிங் கல்லூரியில் வந்து நிற்கிறது என்றேன். “நிற்கலை அக்கா. அங்கே படிச்சவங்க இப்போ சிட்னியில் இருக்காங்க” என்றார்.

இரவு பயிற்சிக் கையேடுகளை எடை போட்டோம். 19 கிலோ.

செப்டம்பர் 13, சனி: ஃபுனாஃபுட்டி

அந்த 19 கிலோ வரவில்லை.

இரண்டு விசிறி வைத்த சின்ன விமானம், இரண்டரை மணி நேரம், கீழே நீலம் தவிர எதுவும் இல்லை. திடீரென்று கடலில் யாரோ வெள்ளைச் சுண்ணாம்பால் கோலத்துக்கு ஒரு இழை இழுத்தது மாதிரி ஒரு கோடு. அதுதான் நாட்டின் தலைநகரம். இறங்கும்போது இரண்டு பக்கமும் கடல் தெரிகிறது, பயப்படாமல் இருக்க முடியாது. தரையில் அபாயச் சங்கு ஊதி ஓடுபாதையிலிருந்து ஆட்களையும் நாய்களையும் விரட்டியபிறகுதான் விமானம் இறங்கும். 1943 வாக்கில் அமெரிக்கப் படை போருக்காகப் போட்ட பாதை. ஊரில் ஆக அகலமான சமதரை அது.

எடை கூடிவிட்டது என்று சில பெட்டிகளை சுவாவிலேயே இறக்கிவிட்டார்களாம். எங்கள் கையேட்டுப் பெட்டியும் அதில் ஒன்று. அடுத்த விமானத்தில் வரலாம். வராமலும் போகலாம். கேட்டதற்கு அந்தப் பையன், “உங்க துணிப்பெட்டி வந்துடுச்சே” என்றான் ஆறுதலாக. நியாயம்தான். பக்கத்தில் ஒரு அம்மாவுக்குக் குழந்தையின் பால்பவுடர் வரவில்லை.

விடுதி விமான நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம். எல்லாமே கூப்பிடு தூரம். ஒரு நாளைக்கு 120 ஆஸ்திரேலிய டாலர் (இங்கே அந்தப் பணம்தான்), நம் கணக்கில் ஏழாயிரம் ரூபாய் போல. நாட்டின் முதல் ஏடிஎம் இந்த ஏப்ரலில்தான் வந்தது. அதை நம்பாமல் தாளாகவே கொண்டுவந்திருந்தேன். கடையில் ஒரு முட்டைக்கோஸைக் கையில் எடுத்து, விலையைக் கேட்டு, குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல மெதுவாகத் திருப்பி வைத்தேன்.

மீன் மட்டும் ஏராளம். இரவுச் சாப்பாடு சோறும் பொரித்த சூரையும். எங்கள் ஊர்க் கோலா மீனும் உண்டாம், ராத்திரி விளக்கு வைத்துப் பிடிப்பார்களாம். மிளகாய்த்தூள் கொண்டுவந்த என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஞாயிறு என்றால் ஞாயிறு. கடை இல்லை, வண்டிச் சத்தம் இல்லை. வெள்ளை உடுப்பில் ஊரே தேவாலயத்துக்குப் போனது. பாட்டு நாலு குரலாகப் பிரிந்து, ஒரு வாத்தியமும் இல்லாமல், ஓட்டுக்கூரை அதிர்கிற அளவுக்கு வந்தது.

விடுதிக்கார அம்மா மதியச் சாப்பாட்டுக்கு அவர் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. “போலாம்” என்றார், போனோம். வாசலில் குடும்பத்தின் கல்லறைகள், அதையொட்டி மழைநீர்த் தொட்டி. ஆறு, ஏரி, ஓடை எதுவும் இந்த நாட்டில் இல்லை. கூரையில் விழுவதுதான் குடிநீர். 2011-இல் மழை பொய்த்து நாடே அவசரநிலை அறிவித்தது.

பாய் விரித்துப் பரிமாறினார்கள். பன்றியை நாசூக்காகத் தள்ளிவைத்தேன். யாரும் முகம் சுளிக்கவில்லை, எனக்கு மீன் இரட்டிப்பாக வந்தது. எலுமிச்சையிலும் தேங்காய்ப்பாலிலும் ஊறின பச்சை மீன், பொரித்த சீமைப்பலா, அப்புறம் புலாக்கா. புலாக்கா நம் சேப்பங்கிழங்குக்குப் பெரியப்பா. நிலத்தடி நன்னீர் தட்டும்வரை குழி தோண்டி அதில் வளர்க்கிறார்கள். இப்போது பல குழிகளில் உப்பு ஏறிவிட்டதாம். தேங்காய்ப்பாலில் குழைத்திருந்தார்கள். சேப்பங்கிழங்கு பிடிக்காதவர்கள்கூட சாப்பிடலாம்.

கடைசியாக ஒரு பாட்டிலில் கலேவே. ஒரு வாய் குடித்ததும் நிமிர்ந்துவிட்டேன், தென்னம் பதநீர்! பாளையைச் சீவிக் கட்டி காலையும் மாலையும் இறக்குகிறார்களாம், பாகாகவும் காய்ச்சுகிறார்களாம். எங்கள் ஊரிலும் உண்டு என்றேன். அண்ணன் நம்பவில்லை. இந்தியாவில் தென்னை மரமா என்றார். கைப்பேசியில் எங்கள் கொல்லையைக் காட்டியபிறகு, “உங்க மரம் ரொம்ப நெருக்கமா இருக்கு” என்று குறை சொன்னார். என் அப்பாவும் அதையேதான் சொல்வார்.

செப்டம்பர் 15, திங்கள்

முதல் நாள் பயிற்சி. 14 பேர். ஆஸ்பத்திரி வார்டு சிஸ்டர், மருந்தாளுநர், வெளித்தீவில் பல வருஷம் இருந்து வந்த நர்ஸ் இருவர், அமைச்சகத்தில் ஆள்கணக்கு பார்க்கும் ஒரு பெண், நிதிப் பிரிவுப் பையன் ஒருவன். ஜெபத்தில் தொடங்கியது. ஜெபம் நிதானமாக நடந்தது, நானும் நிதானமானேன்.

கையேடு இல்லை. சார்ட் பேப்பர் கேட்டால் ஊரில் இல்லை. அடுத்த கப்பலில் வருமாம். ‘அடுத்த கப்பல்’ என்பதை இங்கே நாம் ‘நாளைக்கு’ என்று சொல்கிற தொனியில் சொல்கிறார்கள். ஆள்கணக்குப் பெண் வெளியே போய், பழைய காலண்டர்கள் ஒரு கட்டு கொண்டுவந்தார். ஒரு பக்கம் தைவான் மலைக்காட்சி, மறுபக்கம் வெள்ளை. அதுதான் எங்கள் பலகை.

வெயிலைப் பற்றி: நாகப்பட்டினத்தில் வளர்ந்தவளுக்கே முடியவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்று நான் தோற்ற நாள்.

உலக சுகாதார நிறுவனத்தின் பணிச்சுமைக் கணக்கு முறை ஒன்று இருக்கிறது. 2010-இல் திருத்தி வெளியிட்ட கையேடு, உலகம் பூராவும் பயன்படுவது. விஷயம் எளிது. இத்தனை லட்சம் பேருக்கு இத்தனை நர்ஸ் என்று மொத்தமாகப் பிரிக்காமல், ஒரு இடத்தில் ஒரு வருஷத்தில் உண்மையில் என்ன வேலை நடக்கிறது, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிஷம் என்று பார்த்து, அதை ஒரு ஆளின் வேலை நேரத்தால் வகுப்பது. நம் ஊரில் இதைச் செய்து, ஒரு இடத்தில் ஆள் தேங்கி இன்னொரு இடத்தில் ஆள் தேய்வதைக் காட்டியிருக்கிறேன். எனக்கு அதில் ஒரு கர்வம் உண்டு.

மாதிரிக்கு நியுலாகிட்டா தீவை எடுத்தோம். ஒன்பது தீவுகளில் ஆகச் சிறியது, சில பத்துப் பேர்தான் இருக்கிறார்கள். கணக்கைச் சுருக்கிச் சொல்கிறேன். வருஷத்துக்கு வேலைநாள் 260. அதில் விடுமுறை, விடுப்பு, பயிற்சி எல்லாம் சேர்த்து 40 கழித்தால் 220. நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் 1,760 மணி. வந்து பார்க்கிறவர்கள், தடுப்பூசி, கர்ப்பிணிகள், வீடு வீடாகப் போவது, அறிக்கை எழுதுவது என எல்லாவற்றுக்கும் தாராளமாக மணிக்கணக்கு போட்டோம். 440 வந்தது. வகுத்தால் 0.25.

“ஆக இந்தத் தீவுக்குத் தேவை கால் நர்ஸ்” என்றேன்.

கொஞ்ச நேரம் அமைதி. வெளித்தீவு நர்ஸ்களில் மூத்தவர் கை தூக்கினார். “எந்தக் கால்? இடதா வலதா? அதை எந்தக் கப்பலில் ஏற்றுவது?”

சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. பிறகு அவரே விளக்கினார். வெளித்தீவு எதிலும் விமான ஓடுபாதை கிடையாது, கப்பல்தான். அது எப்போதோ வரும், கடல் கொந்தளித்தால் படகில் ஆளை இறக்க முடியாமல் திரும்பும். ராத்திரி இரண்டு மணிக்குப் பிரசவ வலி வந்தால் இருப்பது அவர் ஒருவர். வேலை இல்லாத 1,320 மணியும் அவர் அங்கே இருந்தாக வேண்டும். இருப்பதுதான் வேலை. அப்புறம் அவர் விடுப்பில் போக வேண்டும், அவருக்கும் அம்மா உண்டு. அப்போது இன்னொருவர் வேண்டும். “ஒன்று போதாது, இரண்டு” என்றார்.

கால் என்பது இரண்டானது. எட்டு மடங்கு. முறையில் தப்பில்லை. ஒரு தீவில் ஆள் இருந்தே ஆக வேண்டும் என்று முடிவான இடத்தில் அதற்குப் பேச எதுவும் இல்லை, அவ்வளவுதான். எனக்கும் பேச எதுவும் இல்லை. தேநீர் இடைவேளை விட்டேன், பத்தேகாலுக்கே.

செப்டம்பர் 17, புதன்

ராத்திரி சக பயிற்சியாளரும் நானும் ஓடுபாதையில் உட்கார்ந்து யோசித்தோம். சாயங்காலமானால் ஊரே அங்கேதான். கைப்பந்து, கால்பந்து, காற்று வாங்குகிற கிழவர்கள், பாய் விரித்துக் குழந்தையைத் தூங்கவைக்கிற அம்மாக்கள். கையேடு வந்திருந்தால் இன்று பக்கம் 34-லிருந்து ‘வளர்ச்சி விகிதம்’ நடத்தியிருப்பேன். வராதது நல்லதாகப் போயிற்று.

காலண்டர் தாள்களைச் சுவர் முழுக்க ஒட்டினோம். எண் எழுதக் கூடாது, பெயர் எழுதுங்கள் என்றோம். நாட்டில் சுகாதாரத் துறையில் இருக்கிற ஒவ்வொரு ஆளும். இந்தக் கணக்கை எட்டாயிரம் துணை நிலையங்களுக்கு நான் செய்யவே முடியாது. இங்கே மதியத்துக்குள் முடிந்தது. யார் எந்தத் தீவில், யார் எந்த வருஷம் ஓய்வு, யார் சுவாவில் படிக்கிறார், யார் கியூபாவில் டாக்டருக்குப் படித்து வந்தவர், யார் தைவான் உதவித்தொகையில் போயிருக்கிறார். யாருடைய கணவர் எந்தத் தீவுக்காரர் என்பதுகூட. அது வதந்தி இல்லை, பணியமர்த்தலுக்கு வேண்டிய தகவல். 2029-இல் எக்ஸ்ரே எடுக்க ஆள் இல்லாமல் போவது எல்லோர் கண்ணுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. தெரிந்தவர் ஒருவர், அவருக்குப் பின்னால் வெறும் தாள்.

பிறகு ஒரு கேள்வியைக் கேட்கலாமா என்று தயங்கினேன். ஆஸ்திரேலியாவோடு துவாலு போட்ட ஃபலேபிலி ஒப்பந்தம் போன ஆண்டு ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அண்டை வீட்டாரோடு பழகும் அன்புக்கு அந்தப் பெயர். வருஷத்துக்கு 280 பேர் ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகத் தங்கலாம், குலுக்கலில் தேர்வு, குலுக்கலுக்குப் பதிவுக் கட்டணம் 25 டாலர். இந்த ஜூன், ஜூலையில் முதல் குலுக்கலுக்குப் பதிந்தவர்கள் குடும்பத்தினரோடு சேர்த்து 8,750. மறுபடி சொல்கிறேன், நாட்டு மக்கள் பத்தாயிரம் சொச்சம்.

“இந்த அறையில் யாரெல்லாம்...” என்று இழுத்தேன்.

“பதியாதவங்க யாருன்னு கேளுங்க, சீக்கிரம் முடியும்” என்றான் நிதிப் பிரிவுப் பையன்.

ஆள்கணக்குப் பெண் சிவப்புப் பேனாவை எடுத்துப் போய்த் தன் பெயருக்குக் கீழே கோடு போட்டார். பக்கத்தில் ‘2027 முதல் காலி?’ என்று எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒன்றுமில்லை. அவருக்குக் குலுக்கலில் இன்னும் எதுவும் வரவில்லை. வந்தால் போவார், வராவிட்டால் அடுத்த வருஷம் பதிவார். எப்படியானாலும் அந்த இடத்துக்கு ஒருவரை இப்போதே பழக்க வேண்டும் என்றார். 32 வருஷத்தில் தன் இருக்கையைத் தானே காலிப் பட்டியலில் காட்டிய அதிகாரியை நான் பார்த்ததில்லை. நம்மூரில் மாறுதல் ஆணை வந்த பிறகும் மேஜையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நானும் நின்றிருக்கிறேன்.

பேனா கை மாறி மாறிப் போனது. முடிவில் சுவரில் சிவப்பு அதிகம்.

செப்டம்பர் 18, வியாழன்

காலை ஐந்தரைக்கு தைவான் காய்கறித் தோட்டம். பன்றி எருவும் மக்கின இலையும் போட்டு, மண்ணே இல்லாத பவளப் பாறையில் மண் உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். விற்பனை நாளில் விடியும் முன்பே வரிசை. எனக்குக் கிடைத்தது இரண்டு வெள்ளரிக்காய். முன்னால் நின்ற பெண்மணி, நான் வெளியூர் என்று தெரிந்ததும் தன் பங்கிலிருந்து ஒரு பப்பாளியைக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

பத்து மணிக்கு இளவரசி மார்கரெட் ஆஸ்பத்திரி. நாட்டில் ஆஸ்பத்திரி இது ஒன்றுதான். இப்போதுள்ள கட்டடம் ஜப்பான் உதவியில் 2003-இல் வந்தது. எங்கள் வகுப்பு வார்டு சிஸ்டர்தான் சுற்றிக் காட்டினார். நடந்துகொண்டே ஒரு குழந்தையின் சலைனைச் சரிசெய்தார், ஒரு கிழவியின் தலையணையை நிமிர்த்தினார், தாமதமாக வந்த பையனைக் கண்ணாலேயே கண்டித்தார். இங்கே பார்க்க முடியாத நோயாளிகளை அரசு செலவில் ஃபிஜிக்கு அனுப்புவார்கள் என்றார். நான் குறித்துக்கொண்டேன், அதை எங்கும் கணக்கில் சேர்க்கவில்லை. இது பின்னால் வரும்.

வாடகை பைக் நாளுக்கு 10 டாலர். சக பயிற்சியாளர் ஓட்ட, நான் பின்னால். வடக்கே போகப்போக நிலம் சுருங்கி, ஒரு இடத்தில் சாலைதான் தீவு. இரண்டு பக்கத்து அலையும் ஒரே நேரத்தில் காதில் விழுந்தது. அங்கே பெட்ரோல் தீர்ந்தது. தள்ளிக்கொண்டே வந்தோம். மூன்று பேர் வண்டியை நிறுத்தி என்னவென்று கேட்டார்கள், நாலாமவர் ஒரு பாட்டிலில் பெட்ரோல் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 19, வெள்ளி

கடைசி நாள். திட்டத்தை எழுதும் நாள். சிவப்புச் சுவரைப் பார்த்து நான்தான் வாடியிருந்தேன். அவர்கள் வாடவில்லை.

மூத்த நர்ஸ் சொன்னார்: “எங்க அப்பா நவ்ரூவில் பாஸ்பேட் சுரங்கத்தில் இருந்தார். எங்க அண்ணன் ஜெர்மன் கப்பலில். அமட்டுக்குத் தீவில் இன்னும் மாலுமிப் பள்ளி இருக்கு. எங்க வீட்டில் எப்பவும் யாராவது வெளியில்தான். வீடு மூடிக்கிடந்ததே இல்லை.”

ஃபலேபிலி விசாவில் போகிறவர்கள் நினைத்தபோது வந்து போகலாம். அதைப் பிடித்துக்கொண்டார்கள். ‘போனவர்கள்’ என்ற கட்டத்தை அழித்துவிட்டு ‘வெளியில் இருப்பவர்கள்’ என்று மாற்றினார்கள். பிரிஸ்பேனிலும் ஆக்லாந்திலும் இருக்கிற துவாலு நர்ஸ்களில் யார் மூன்று மாதம் வந்து வெளித்தீவு நர்ஸை விடுப்பில் விடுவார்கள் என்று பட்டியல் போட்டார்கள். பயணச் செலவு யார் தருவது, இங்கே வேலை செய்யப் பதிவு எப்படி, பென்ஷன் பாதிக்குமா என்று நிதிப் பையன் கேள்வி மேல் கேள்வியாக அடுக்கினான். நல்ல கேள்விகள். பெரிய நாடுகள் ஏழை நாட்டு நர்ஸ்களை இஷ்டத்துக்கு அள்ளக் கூடாது என்று 2010-இல் உலக நாடுகள் ஒப்புக்கொண்ட நெறிமுறை ஒன்று உண்டு. 2023-இல் அப்படித் தேடிப் போய் ஆள் எடுக்கக் கூடாத 55 நாடுகளின் பட்டியலும் வந்தது, துவாலு அதில் இருக்கிறது. அதை நான் பெருமையாக எடுத்துக் காட்டினேன். படித்துவிட்டு மடக்கி வைத்தார்கள். குலுக்கலில் யாரும் நர்ஸை எடுப்பதில்லையே, மனுஷனைத்தானே எடுக்கிறது என்றார் மருந்தாளுநர். எனக்குப் பதில் வரவில்லை.

நிறைவு விழாவில் எனக்குப் பூக்கிரீடம் வைத்தார்கள். இன்னும் வாடவில்லை, அறையில் மணக்கிறது.

செப்டம்பர் 20, சனி

சங்கு ஊதியது. ஓடுபாதை காலியானது. மழை கொட்டியது. விமானத்தின் சத்தம் மேகத்துக்கு மேலே இரண்டு சுற்று வந்தது, பிறகு தேய்ந்து போனது. சுவாவுக்கே திரும்பிவிட்டதாம்.

எங்கள் கையேட்டுப் பெட்டி அதில் இருந்திருக்கிறது.

பயணிகள் யாரும் சத்தம் போடவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நான் மட்டும்தான் அடுத்த விமானம் எப்போது என்று மூன்று பேரிடம் கேட்டேன். மூவரும் திங்கள் என்றார்கள், மூன்று விதமான நம்பிக்கையோடு. ஓரத்தில் ஆம்புலன்ஸ் ஒன்று நின்றது. அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போனது.

ராத்திரி சமூகக் கூடத்தில் ஃபாத்தேலே என்கிற பாட்டும் ஆட்டமும், ஒத்திகை. அக்டோபர் 1 சுதந்திர நாள், 1978-இல் கிடைத்தது. மரப்பெட்டியைச் சுற்றி ஆண்கள் உட்கார்ந்து கையால் அடிக்கிறார்கள். மெதுவாக ஆரம்பித்து, வேகம் கூடி, கூடி, கூடி, சட்டென்று வெட்டினாற்போல நிற்கும். நின்றதும் மறுபடி. பதினொரு மணி வரை கேட்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்: திரும்பும் வழி

வெயில். விமானம் வந்தது. முதலில் ஏற்றியது ஸ்ட்ரெச்சரை. சனிக்கிழமை ஆம்புலன்ஸில் காத்திருந்த பெரியவர், இடுப்பெலும்பு முறிந்தவர். அவருக்காகப் பின்பக்கம் சில இருக்கைகளை மடக்கியிருந்தார்கள். கூடவே, தோளில் ஒரு சின்னப் பையோடு, எங்கள் வார்டு சிஸ்டர்.

“நீங்களா?”

“காலையில் சொன்னாங்க. இன்னிக்கு யாராவது போகணும்.”

விமானம் மேலே நேரானதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பேனா இருக்கிறதா என்றார். செவ்வாய்க்கிழமைக் கணக்கை ஞாபகமாகக் கேட்டார், 260-இல் 40 போனால் 220, வார்டுக்கும் அதையேதானே வைத்தோம்? ஆமாம் என்றேன்.

“இந்த மாதிரி நோயாளியோட போறதை எதிலும் சேர்க்கலை.”

சேர்க்கவில்லை. ஐந்து நாள் பேசியிருக்கிறோம், ஆஸ்பத்திரியில் அவரே வாயால் சொல்லியும் இருக்கிறார். 14 பேருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. போன வருஷம் எத்தனை தடவை போனீர்கள் என்றேன். விரல் விட்டு எண்ணினார். ஐந்து. ஒவ்வொரு தடவையும் எத்தனை நாள்? திரும்பி வர விமானத்தில் இடம் கிடைக்க வேண்டுமே. ஒரு தடவை நாலு நாள், ஒரு தடவை பதினொன்று, ஒரு தடவை மழையில் இதே மாதிரி மாட்டிக்கொண்டது. வாந்திப் பையைக் கிழித்து விரித்து, அதன் பின்பக்கம் கூட்டினார். 40 நாள்.

220-ஐ அடித்துவிட்டு 180 என்று எழுதினார். அதற்குக் கீழே மற்ற நர்ஸ்களின் பெயர்களை வரிசையாக எழுத ஆரம்பித்தார். மூன்றாவது பெயரில் பெரியவர் பின்னாலிருந்து தண்ணீர் கேட்டார். பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு எழுந்து போனார்.